82 மைல் வேகம், முழங்கையில் வலி: மகனை ஷோகேஸுக்கு அனுப்பலாமா?

விளையாட்டு மருத்துவர் பதில்

அமெரிக்காவில், டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். சொந்த ஊர் மதுரை. மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. பள்ளி பேஸ்பால் அணியில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். பந்து போடாத நேரத்தில் ஷார்ட்ஸ்டாப் என்ற களத்தடுப்பு இடத்தில் நிற்கிறான். பிப்ரவரி முதல் மே வரை பள்ளி அணி, ஜூன் ஜூலையில் ட்ராவல் டீம் (பள்ளிக்கு வெளியே, ஊர் ஊராகப் போய் ஆடும் அணி), ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை இலையுதிர்கால லீக். அக்டோபரில் பணம் கட்டி ஒரு ஷோகேஸுக்கு, அதாவது கல்லூரிக் கோச்சுகள் பார்க்கப் பிள்ளைகள் திறமையைக் காட்டும் நிகழ்ச்சிக்கு, கூட்டிப் போயிருக்கிறார்கள். பந்தின் வேகத்தை அளக்கும் ரேடார் கன்னில் மணிக்கு 82 மைல் வந்தது. அமைப்பாளர்கள் 10க்கு 7.5 என்று தரம் போட்டார்கள். அங்கே வந்திருந்த, முன்பு ஸ்கவுட்டாக (அணிகளுக்காக இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவர்) வேலை பார்த்த ஒருவர், பையனுடைய கர்வ் பந்துக்கு (வளைந்து வரும் பந்து) "இப்போது 35, பின்னாளில் 50" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் அதற்கு நல்ல திட்டு விழுந்திருக்கிறது.

ட்ராவல் டீம் கோச் ஜனவரியில் இன்னொரு ஷோகேஸுக்குப் போகச் சொல்கிறார். அதற்குள் எடை கூடிய பந்துகளை வைத்துப் பயிற்சி எடுத்தால் வேகம் 88, 90 ஆகிவிடும் என்கிறாராம். ஜனவரிக்குப் பணமும் கட்டியாயிற்று. இதற்கு நடுவில், ஆட்டம் முடிந்து வரும் பையன் காரில் உட்கார்ந்து முழங்கையின் உள்பக்கத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறான். அம்மா தைலம் தேய்த்துவிடுகிறார். தந்தையின் கேள்விகள்: ஷோகேஸ் அன்றைக்கு மட்டும் வலி மாத்திரை கொடுக்கலாமா? முழங்கை அறுவை சிகிச்சை செய்துகொண்டால் கை முன்பைவிட வலுவாகும் என்கிறார்களே, உண்மையா? இதுவரை ஒரு கல்லூரியும் கூப்பிடவில்லையே, வாய்ப்பு நழுவுகிறதா? தொழில்முறை அணி எடுத்துக்கொண்ட இந்திய வம்சாவளிப் பையன் அர்ஜுன் நிம்மலாவைப் போல இவனும் வர முடியாதா?

இனி உங்களிடமே பேசுகிறேன்.

நீங்கள் எழுதியதில் அவசரமானது ஒன்றுதான்: முழங்கை. கடிதத்தைப் படித்து நோய் இன்னதென்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் 15 வயதுப் பிட்சருக்கு முழங்கையின் உள்பக்கத்தில், அதுவும் பந்து போட்ட பிறகு, திரும்பத் திரும்ப வலிக்கிறது என்றால் அதைத் தைலத்தோடு விட மாட்டேன். அந்த இடத்தில் எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் இடத்திலுள்ள குருத்தெலும்பு) இந்த வயதில் இன்னும் முழுதாக மூடாமல் இருக்கலாம். பந்து வீசும்போது உள்பக்கத் தசைநார் (எலும்போடு எலும்பை இணைக்கும் நார்) அந்தத் தட்டைப் பிடித்து இழுக்கும். சிறு வயதில் முதலில் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் தட்டுதான். அது மூடிய பிறகு தசைநாரின் முறை. டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று நீங்கள் கேள்விப்பட்டது அந்தத் தசைநாருக்குத்தான்.

வலி மாத்திரை கொடுக்காதீர்கள். மாத்திரை வலியை மறைக்கும், இழுப்பைக் குறைக்காது. வலித்தால் அவனே கொஞ்சம் அடக்கி வீசுவான். மாத்திரை போட்டுவிட்டு, ஸ்கவுட்டுகள் ரேடார் கன்னை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் விட்டால், மொத்த பலத்தையும் போட்டு வீசுவான்.

ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2006இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. தோள் அல்லது முழங்கையில் அறுவை சிகிச்சை வரை போன இளம் பிட்சர்களையும், பெரிய காயமில்லாத பிட்சர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 8 மாதத்துக்கு மேல் போட்டிகளில் பந்து போட்டவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாகத் தொடர்ந்து போட்டவர்களுக்கு 36 மடங்கு. உங்கள் மகனின் நாட்காட்டியைக் கூட்டிப் பாருங்கள்: பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது, பத்து மாதம். ஜனவரி ஷோகேஸும் அதற்கான தயாரிப்பும் சேர்ந்தால் மிச்சம் எதுவும் இல்லை. அணி மாறுவதை நீங்கள் ஓய்வு என்று எண்ணியிருக்கிறீர்கள். சட்டை மாறுகிறது, கை அதேதான்.

பந்துகளின் கணக்கு

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி இது: "சனிக்கிழமை காலை 68 பந்து போட்டான், ஞாயிறு மாலை 41 போட்டான், நன்றாகத்தான் போட்டான்." அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும், அந்த ஆட்டத்தின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற வழிகாட்டுதலை வெளியிட்டன. அதன்படி 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 61 முதல் 75 பந்து வரை போட்டால் மூன்று நாள் ஓய்வு. 76ஓ அதற்கு மேலோ போட்டால் நான்கு நாள். அப்படியென்றால் சனிக்கிழமை 68 போட்டவன் புதன்கிழமைக்கு முன்னால் பந்து வீசும் மேட்டில் ஏறியிருக்கவே கூடாது. ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம், போட்டிப் பந்துவீச்சிலிருந்து நான்கு மாதமாவது விலகி இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதே கூடாது என்றும் அதில் இருக்கிறது.

பள்ளியில்தான் பந்துக் கணக்கு வைக்கிறார்களே என்பீர்கள். வைக்கிறார்கள், 2017 பருவத்திலிருந்து ஏறக்குறைய எல்லா மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்புகளும் ஒரு வரம்பு வைத்தாக வேண்டும். அந்த வரம்பு பள்ளி ஆட்டங்களுக்கு மட்டும். சனி ஞாயிறில் ட்ராவல் டீமுக்குப் போட்ட பந்தைப் பள்ளி கோச் எண்ணுவதில்லை, பள்ளியில் போட்டதை ட்ராவல் கோச் கேட்பதில்லை. ஆட்டத்துக்கு முன் கை சூடேற்றப் போடுவதையும், ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து முதல் பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய இடங்களில் முதலாவது) எறிவதையும் எந்த ஏட்டிலும் எழுதுவதில்லை. இரண்டு பக்கமும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒரு சின்ன நோட்டு போடுங்கள்: தேதி, யாருக்காக, எத்தனை பந்து, மறுநாள் காலை கை எப்படி இருந்தது.

35 என்றால் பெயில் இல்லை

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பையனை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. நம்மூரில் 35 என்றால் ஜஸ்ட் பாஸ், 50 என்றால் சுமார். ஸ்கவுட்டுகளின் அளவுகோல் 0இலிருந்து 100 வரை போவதில்லை. 20இல் தொடங்கி 80இல் முடிகிறது. 50 என்பது மேஜர் லீக்கில் ஆடும் ஒருவரின் சராசரித் திறமை. உலகத்திலேயே மிகச் சிறந்த அந்த ஆட்டக்காரர்களுக்குள் சராசரி! 10 புள்ளி கூடினாலோ குறைந்தாலோ ஒரு படி மேலே அல்லது கீழே. 80 கிடைப்பது அபூர்வம். இரண்டு எண் எழுதியிருப்பது இன்றைய நிலைக்கு ஒன்று, வளர்ந்தபின் எட்டக்கூடும் என்று அவர் கணிப்பதற்கு ஒன்று. பத்தாம் வகுப்புப் பையனின் கர்வ் பந்து "இப்போது 35, பின்னாளில் 50" என்று ஒருவர் எழுதினால் அது பாராட்டு. அவனை எதற்காகத் திட்டினீர்களோ அதற்காகத் தோளைத் தட்டியிருக்க வேண்டும். இன்றைக்கே கூப்பிட்டு அதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த 7.5ஐயும் 75 மார்க் என்று படிக்காதீர்கள். ஷோகேஸ் நடத்துபவர்கள் தங்களுக்கென்று வைத்திருக்கும் அளவுகோல் அது. இந்த மட்டத்தில் பொதுவாக அதற்கு அர்த்தம், கல்லூரியில் ஆடக்கூடியவன், இன்னும் வளர்ந்தால் மேலே பார்க்கலாம் என்பதுதான்.

82 மைலைப் பற்றி. பந்து கையை விட்டுக் கிளம்பும் இடத்துக்கும், மட்டை பிடிப்பவர் நிற்கும் பிளேட்டுக்கும் இடையில் காற்று அதன் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கன் எந்த இடத்தில் பந்தைப் பிடிக்கிறது, எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். ஷோகேஸில் எழுதுவது அன்றைய அதிகபட்ச வேகம், ஒரே ஒரு பந்து. ஐந்தாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது எத்தனை மைல் என்பது அந்தப் பக்கத்தில் வராது. மட்டை அடிப்பதிலும் அப்படித்தான்: ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும் பந்தை அடித்து எடுக்கும் வேகம் வேறு, எதிரே வளைந்து வரும் பந்தை அடிப்பது வேறு. 60 கஜ ஓட்டத்தையும் ஓடச் சொல்லியிருப்பார்கள். அது சரியாக இரண்டு பேஸ் தூரம், ஆனால் நேர்க்கோட்டில், வளைவே இல்லாமல்.

அந்த வயதில் இன்னொரு குழப்பமும் உண்டு. மீசை அரும்பிக் குரல் உடைந்தவனும், இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பவனும் ஒரே வரிசையில் நின்று வீசுகிறார்கள். முன்னவனுக்குக் கூடுதலாக வரும் ஐந்து மைல் பாதி வளர்ச்சியின் கொடை. நல்ல ஸ்கவுட் அதைக் கழித்துத்தான் பார்ப்பார். பையன் தோளின் அகலத்தைப் பார்ப்பார், அப்பாவின் உயரத்தைக்கூட ஓரக்கண்ணால் பார்ப்பார். ஸ்டாப்வாட்சில் வேறு சிலவும் ஓடும்: பந்து போட அசையத் தொடங்கியதிலிருந்து பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கைக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் (1.3 நொடிக்குள் என்றால், அதற்குள் எதிரணிக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் 'திருடுவது' கடினம்), அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓட எவ்வளவு நேரம். சக ஆட்டக்காரன் பந்தை நழுவவிட்டால் பிட்சரின் முகம் எப்படிப் போகிறது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். இதெல்லாம் ஆட்டத்தில்தான் தெரியும்.

வேகம் மட்டும் எதுவரை கொண்டு போகும் என்பதற்கு ஸ்டீவ் டால்கவ்ஸ்கியைச் சொல்வார்கள். 1957இல் மேஜர் லீக் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்த கனெக்டிகட் பையன். அவரளவு வேகமாக யாரும் வீசியதில்லை என்று கண்ணால் பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள். 1960இல் கீழ்மட்ட லீக்கில் ஸ்டாக்டன் அணிக்கு ஆடியபோது 170 இன்னிங்ஸில் 262 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமல் அவுட்) ஆக்கினார், குறி தவறிப் போட்டு 262 பேரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிட்டார். மேஜர் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் பந்து போட்டதில்லை.

எடை கூடிய பந்துகள்

கோச் பொய் சொல்லவில்லை. வேகம் கூடத்தான் செய்யும். 2018இல் வெளியான ஒரு ஆய்வில் 13 முதல் 18 வயது வரையிலான பிட்சர்களுக்கு ஆறு வாரம் எடை கூடிய பந்துகளால் பயிற்சி தந்தார்கள். வேகம் சராசரியாக 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. அந்தப் பயிற்சி எடுத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. எடுக்காத குழுவில் ஒருவருக்கும் இல்லை. 82இல் 3 சதவீதம் என்றால் இரண்டரை மைல். 90க்கு எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எலும்பு முதிர்ந்த, வலியில்லாத, கூடவே ஒரு தேர்ந்த கண்காணிப்பாளர் இருக்கும் கல்லூரி மாணவனுக்கு அதைப் பற்றி யோசிக்கலாம். முழங்கையைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் 15 வயதுக்காரனுக்கு என் பதில்: வேண்டாம்.

அறுவை சிகிச்சை கையை வலுவாக்குமா?

ஆக்காது. இதை நம்புவது நீங்கள் மட்டும் இல்லை. 2012இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில், காயமே இல்லாவிட்டாலும் திறமையைக் கூட்ட இந்த அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளலாம் என்று உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களில் 51 சதவீதத்தினர் சொன்னார்கள். அறுவைக்குப் பிறகு வேகம் கூடியதாகச் சிலருக்குத் தோன்றக் காரணம் உண்டு: ஓராண்டுக்கு மேல் ஓய்வு, முதல்முறையாக ஒழுங்கான தசைப்பயிற்சி, அதற்குள் வயதும் உடம்பும் ஏறிவிடுகின்றன. இந்த மூன்றையும் கத்தி படாமலே பெறலாம். பிட்சர் முழுதாகத் திரும்பி வர 12 முதல் 18 மாதம் ஆகும், எல்லோரும் பழையபடி திரும்புவதும் இல்லை. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்தத் தசைநார் அறுவை செய்துகொண்டவர்களைக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் 15 முதல் 19 வயதுக்குள் இருந்தார்கள். பெரிய லீக்கின் நோய் என்று நாம் நினைப்பது பள்ளிப் பிள்ளைகளின் நோயாகியிருக்கிறது.

ஒரு தற்செயல் ஒற்றுமை எனக்கு எப்போதும் உறுத்தும். டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் அந்த அறுவை சிகிச்சையை முதன்முதலில் செய்தது 1974இல். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகக் கோச் டேனி லிட்வைலர், போலீசார் கார்களின் வேகம் பிடிக்கும் ரேடாரைப் பார்த்து, அதை பேஸ்பாலுக்குக் கொண்டுவந்ததும் அந்த ஆண்டுவாக்கில்தான். ஒன்றால் மற்றொன்று வரவில்லை. ஆனால் 2008இல் மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் (வேகப் பந்து) சராசரி வேகம் 91 மைல் சொச்சம், 2024இல் 94 சொச்சம். அந்த 2024 டிசம்பரில் மேஜர் லீக்கே வெளியிட்ட காய அறிக்கை, முழு பலத்தோடு வேகத்தைத் துரத்துவதையும், அது பள்ளி வயது ஷோகேஸ்கள் வரை இறங்கிவிட்டதையும் காரணங்களாகச் சொல்கிறது.

கல்லூரி ஏன் கூப்பிடவில்லை?

விதி அப்படி. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனின் கோச்சுகள், பையன் பதினோராம் வகுப்புக்குப் போகும் ஆண்டின் ஆகஸ்ட் 1க்கு முன்னால் அவனோடு சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. பத்தாம் வகுப்பில் போன் மௌனமாக இருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. மாறாக, ஷோகேஸ் அமைப்பாளர்களிடமிருந்து மின்னஞ்சலில் வரும் 'அழைப்பு' பெரும்பாலும் விளம்பரம். பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: போன முறை எந்தெந்தக் கல்லூரிக் கோச்சுகள் நேரில் வந்தார்கள்? பெயர் பட்டியல் தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள். மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் நடத்தும் திறனறி நிகழ்ச்சிகளுக்குத் தேர்வானவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பையனின் வீடியோவையும் அளவுகளையும் வெளியிட ஒப்புதல் கேட்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

'முழு ஸ்காலர்ஷிப்' என்று எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகளாக ஒரு முதல் டிவிஷன் அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025இல் ஏற்பாடு மாறியது. புதிய முறையில் சேர்ந்த கல்லூரிகள் அணியிலுள்ள 34 பேருக்கும் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பேஸ்பாலை நம்பிக் கல்லூரிச் செலவைத் திட்டமிடாதீர்கள். மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் உதவித்தொகை முழங்கையைக் கேட்காது.

அர்ஜுன் நிம்மலாவைப் பற்றி உங்களுக்கு இருக்கும் பெருமிதம் எனக்கும் உண்டு. ஃபுளோரிடாவில் ஆந்திராவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, 2023இல் மேஜர் லீக் அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் டொராண்டோ ப்ளூ ஜேஸ் முதல் சுற்றில் 20ஆவதாக எடுத்தபோது வயது 17. ஆனால் அவர் ஷார்ட்ஸ்டாப். பந்து போடுபவர் இல்லை. பிட்சருக்குப் பார்க்க வேண்டிய கதை குமார் ராக்கருடையது. தாய் இந்திய வம்சாவளி. கல்லூரியில் பெரும் பெயர் எடுத்தவரை 2021இல் நியூயார்க் மெட்ஸ் 10ஆவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமலே விட்டுவிட்டது. மறு ஆண்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 3ஆவதாக எடுத்தது; நடுவில் தோளிலும், பிறகு முழங்கையிலும் அறுவை. 2024இல் மேஜர் லீக் ஆடினார். உயரப் போகப் போக ரேடார் எண்ணைவிட எம்ஆர்ஐ படத்தை உற்றுப் பார்ப்பார்கள். இன்றைக்கு மறைத்த வலி அந்தப் படத்தில் தெரியும்.

இப்போது என்ன செய்வது

இன்றிலிருந்து எறிவதை நிறுத்துங்கள், ஷார்ட்ஸ்டாப் எறிதல் உட்பட. ஓடலாம், காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யலாம். இந்த வாரத்திலேயே இளம் விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் எலும்பு அல்லது விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு முழங்கைக்கும் எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சித் தட்டை ஒப்பிடச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ அவரே எழுதுவார். தோள் எவ்வளவு திரும்புகிறது என்றும் அளப்பார்கள், சிக்கல் பல நேரம் அங்கிருந்துதான் தொடங்கும். கை முழுதாக நீளவில்லை, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றன, வீசும்போது 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது, வீக்கம் இருக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் ஜனவரி ஷோகேஸ் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பிப்ரவரியில் பள்ளிப் பருவம் தொடங்குகிறது. அதற்கு முன் படிப்படியாக எறிதலைத் திரும்பத் தொடங்கவே நாள் போதாது.

மருத்துவரிடம் போகும்போது பையன் சிறிது நேரம் தனியாக அவரிடம் பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள். உங்கள் முன்னால் "ஒண்ணுமில்லப்பா" என்பவன் அவரிடம் எந்தப் பந்துக்கு வலிக்கிறது என்றே சொல்லிவிடுவான். இத்தனை பணம் கட்டிவிட்டார்களே என்ற எண்ணமும் அவன் வாயை அடைத்திருக்கும். பந்து போட்டுப் பெயர் வாங்கினால்தான் உங்கள் அன்பு என்று நிபந்தனை எதுவும் இல்லை என்பதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அவனாக ஊகித்துக்கொள்வான் என்று விடாதீர்கள்.

கோச்சிடம் சண்டை வேண்டாம். "டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார், மார்ச்சில் பார்ப்போம்" என்று ஒரு வரி போதும். அணியில் இடம் போய்விடும் என்று அவர் சொன்னால், வேறு அணி தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஜனவரிக்குக் கட்டிய பணத்துக்கு மருத்துவரின் கடிதத்தை இணைத்து அமைப்பாளர்களுக்கு எழுதுங்கள். அடுத்த கோடை நிகழ்ச்சிக்கு மாற்றித் தரும்படி கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள்.